ஏழு நாள் உபவாசமும் எட்டு மணி மாத்திரையும்

பாளையம்பட்டியில் வீடு வீடாகப் போய் பிரஷர் பார்த்து மாத்திரை கொடுப்பது என் வேலை. எழுபத்திரண்டு வீடு. ஏறக்குறைய எல்லா வீட்டிலும் கத்தியிருக்கிறேன். மாத்திரையைப் போடாமல் அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறவர்களைக் கொஞ்சவா முடியும்? கத்தத் தேவையில்லாத ஒரே வீடு சவுந்தரம் பெரியம்மாவுடையது.

பெரியம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. முன்னறையில் ஒரு தையல் மெஷின். வீட்டுக்காரர் போன பிறகு அதை மிதித்தே மகன் ஸ்டீபனைப் படிக்க வைத்து, திருப்பூரில் வேலைக்கும் அனுப்பியவர். மாத்திரை கொடுத்த முதல் நாளே என் வழக்கப்படி மிரட்டியிருந்தேன்: காலைச் சாப்பாடு முடிந்து எட்டு மணிக்குப் போட வேண்டும், வெறும் வயிற்றில் தொடவே கூடாது. தலையாட்டியவர், அதன்படியே நடந்தார். எப்போது பார்த்தாலும் நூற்று முப்பதுக்கு எண்பதுதான். ஊரெல்லாம் அவரை உதாரணம் காட்டித் திரிந்தேன்.

அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. ஊசியில் நூல் கோக்கவே அரைமணி நேரம் ஆனது. தைக்கக் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுபோக, நான் மட்டும் விடாமல் கொடுத்து வந்தேன். ஸ்டீபன் போனில் முடிவாகச் சொல்லிவிட்டான். கிறிஸ்துமஸுக்குள் ஆபரேஷன் நடக்காவிட்டால் மெஷினை விற்றுவிட்டுத் திருப்பூருக்கு வந்துவிட வேண்டியதுதான். பிள்ளை பாசமாகத்தான் சொன்னான். பெரியம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை.

"மருமக நல்ல பிள்ளைதான். ஆனா அங்க போனா நான் உக்காந்து சாப்புடுற ஆளு. இங்கன்னா தையக்காரி," என்றார்.

செப்டம்பரில் கண் ஆஸ்பத்திரி வேன் வந்து கூட்டிப்போனது. சாயங்காலமே திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். பிரஷர் நூற்றுத் தொண்ணூறாம், குறைந்தால்தான் கத்தி வைப்பார்களாம். என்னால் நம்பவே முடியவில்லை. பத்து நாள் கழித்து நானே பார்த்தேன், நூற்று முப்பதுக்கு எண்பது. பயத்தில் ஏறியிருக்கும் என்று அடுத்த மாதம் மறுபடி அனுப்பினேன். இந்தத் தடவை இருநூறு! அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. நேரே போய்ப் பிடித்துக்கொண்டேன். கருவாடா, ஊறுகாயா, எதைத் தின்று தொலைத்தீர்கள், என் மானத்தை இப்படி வாங்கலாமா என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஏழு நாளா பகலெல்லாம் பச்சத் தண்ணிதான் தாயி. பொழுதடைஞ்சு ஒரு வா கஞ்சி. இதுல கருவாடு எங்கிட்டு வரும்?"

ஆபரேஷன் நல்லபடி நடக்க வேண்டுமென்று உபவாச ஜெபம் இருந்திருக்கிறார். முதல் தடவை மூன்று நாள். திரும்பி வந்துவிட்டதால், ஜெபம் போதவில்லை போலிருக்கிறது என்று அடுத்த தடவை ஏழு நாள்! அப்படியென்றால் மாத்திரை?

"வெறும் வயித்துல தொடக் கூடாதுன்னு நீதான சொன்ன?" என்றார். எடுத்துவந்து காட்டிய அட்டையில் ஏழு மாத்திரை அப்படியே இருந்தது.

அங்கேயே ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்குப் போன் போட்டேன். பெரியம்மாவுக்குக் கொடுத்திருக்கும் மாத்திரையைச் சாப்பிடாமலும் போடலாம், ஒரு நாளும் விடத்தான் கூடாது, இந்த உடம்புக்கு ஏழு நாள் பட்டினியும் ஆகாது என்றார். தப்பு என்னுடையது. அதைப் பெரியம்மாவிடம் வாய்விட்டே சொன்னேன். ஜெபத்தை விடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அவரும் விடுகிற ஆள் இல்லை. கடைசியில் ஒரே ஒரு காலை மட்டும் உபவாசம், எட்டு மணிக்கு மாத்திரையும் இரண்டு மடக்குத் தண்ணீரும் என்று பேசி முடித்தோம்.

நவம்பரில் மூன்றாம் தடவையாக வேன் ஏறினார். அன்று சாயங்காலம் வேன் அவர் இல்லாமல் திரும்பி வந்ததைப் பார்த்தபோதுதான், ஆபரேஷனுக்கு எடுத்துக்கொண்டார்கள் என்று எனக்கு மூச்சே வந்தது. மறுநாள் கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார்.

ஒரு மாதம் கழித்து, கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் இருக்கும்போது பிரஷர் பார்க்கப் போனேன். மெஷின் மேல் யார் யாருடைய துணியோ குவிந்து கிடந்தது. கையில் பட்டையைச் சுற்றி நான் காற்றடிக்க, பெரியம்மா என் தோளையே உற்றுப் பார்த்தார். பிறகு கையை நீட்டி என் ஜாக்கெட்டைத் தடவினார்.

"ஏத்தா, பச்சத் துணியில நீல நூலு ஓட்டிருக்கேன். ஒரு கை இறக்கமா வேற இருக்கு. இத ஒரு வருஷமாவா போட்டுத் திரியுற?"

"நல்லாத்தான இருக்கு பெரியம்மா," என்றேன்.

"ஊரையே பாத்துக் கத்துற வாய்க்கு, இத ஒரு வார்த்தை சொல்லத் தெரியல," என்று என் கன்னத்தைக் கிள்ளினார். அப்புறம் தன்னுடைய சேலை ஒன்றை என்மேல் போட்டு, ஜாக்கெட்டை அங்கேயே கழற்றி வாங்கிக்கொண்டார். பச்சை நூலை ஊசியில் ஒரே தடவையில் கோத்தார்.