கரையே எனக்காகச் சிரித்த காலை

போன வருடம், பாஸ்காத் திருநாளுக்கு முன் நாற்பது நாள் இறைச்சியை விட்டிருக்கும் தவக்காலத்தில், அரிப்பு என்ற ஊருக்கு அருகே நாங்கள் கரைவலை இழுக்கும் இடத்தில் இது நடந்தது.

எங்கள் கரையில் இப்போதும் கையால்தான் வலை இழுக்கிறோம். இழுக்கும்போது அம்பா பாடுவோம். ஒருவர் வரி எடுக்க, கயிற்றைப் பிடித்திருக்கும் மற்ற எல்லோரும் அதையே திருப்பிச் சொல்லி ஒன்றாக இழுக்க வேண்டும். எங்களுக்கு வரி எடுப்பவர் என்னைவிடச் சில வயது இளையவர். நல்ல குரல். நாக்கும் அப்படித்தான். மாதாவை வணங்கித்தான் தொடங்குவார். வலையில் பாரம் ஏற ஏற, எங்களில் ஒருவரைப் பிடித்துப் பாட்டில் போட்டுவிடுவார். ஒருவரின் வழுக்கை, இன்னொருவரின் மனைவி கோபித்துக்கொண்டு நறுவிலிக்குளத்துத் தாய்வீட்டுக்குப் போனது, எதுவும் தப்பாது.

அதிகம் அகப்பட்டது நான்தான். நான் கூச்சப்படுகிறவன். என் கலியாணத்தில் சுவாமியார் சம்மதம் கேட்டபோது என் சத்தம் வெளியே வரவில்லை. மூன்று முறை கேட்டார். அது ஊருக்கே தெரிந்த கதை.

"மூண்டு தரம் கேட்டார் சாமி, ஏலேலோ
மாப்பிளைக்கு வாய் எங்க, ஏலேலோ"

அவர் இப்படி எடுக்க, எல்லோரும் சிரித்துக்கொண்டே திருப்பிச் சொல்வார்கள். நானும் சொல்லித்தான் ஆகவேண்டும். சொல்லாவிட்டால் இழுவை பிசகும். என்னைப் பற்றிய நக்கலை நானே பாடிப் பாடிக் கயிறு இழுத்திருக்கிறேன். ஒரு நாளும் பதில் சொன்னதில்லை.

அந்தத் தவக்காலத்தில் அவருடைய மகளுக்கு அடம்பன் ஊர்ப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளில் அப்பா வீட்டில் இருந்தால் அறையை விட்டு வெளியே வரமாட்டேன் என்று மகள் சொல்லிவிட்டாளாம். "அவையளையும் அப்பா பாட்டில போடுவார்" என்று அழுதாளாம். வேலிக்கு வேலி வீடுகள் என்பதால் இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் கோயிலுக்குப் போய்ச் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து வந்ததும் தெரியும்.

ஒரு காலை, கயிற்றைப் பிடிக்க முன்னர் அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எங்கள் முன்னால் வந்து நின்றார்.

"எல்லாரையும் நோகப் பண்ணிப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ." பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்களைத்தான் கூட, அண்ணை."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலையை ஆட்டியிருந்தால் போதும். ஆனால் என் வாய் திறந்தது.

"இறைச்சியை விட்ட மாதிரி நக்கலையும் நாப்பது நாளைக்கு விட்டிருக்கிறியோ, தம்பி? பாஸ்காவுக்கு இரட்டிப்பாத் தருவியோ?"

கரையே சிரித்தது. நான் சொன்ன ஒன்றுக்கு ஆட்கள் சிரித்தது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்பு கள் மாதிரி ஏறியது. நிறுத்த மனம் வரவில்லை.

"இல்லாட்டி, மகளை ஒருத்தன்ர தலையில கட்டிற வரைக்குந்தானோ இந்த நடிப்பு?"

யாரும் சிரிக்கவில்லை. அப்படி ஒரு சொல் என் வாயிலிருந்து வரும் என்று யாராவது முதல் நாள் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். இவ்வளவு காலமும் நான் சொல்லாமல் விழுங்கிய பதில்கள் ஒன்றும் கரையாமல் உள்ளேயே கிடந்திருக்கின்றன.

அவருடைய உதடு அசைந்தது. பதில் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கா பதில் இல்லை? நினைத்திருந்தால் என்னை அந்த மணலிலேயே புதைத்திருக்கலாம். எல்லோரும் அதற்குத்தான் காத்து நின்றார்கள். அவர் எச்சிலை விழுங்கினார்.

"ஓம் அண்ணை. அந்தப் பயம் எனக்கும் இருக்குது."

அவ்வளவுதான். போய்க் கயிற்றைப் பிடித்தார். அன்று அம்பா இல்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்க வலையை இழுத்து முடித்தோம்.

மீனைப் பிரித்த பிறகு அவரிடம் போனேன். வலையில் சிக்கிய சாதாளைப் பாசியை உதறிக்கொண்டிருந்தார்.

"பிள்ளையைக் கதைக்குள்ள இழுத்திருக்கக்கூடாது, தம்பி. மன்னிச்சுக்கொள்."

"அது நொந்ததுதான்," என்றார். பிறகு மெல்லச் சிரித்தார். "ஆனா அந்த இறைச்சிக் கதை நல்லாயிருந்தது, அண்ணை. வேற நேரமெண்டா நானே பாட்டில போட்டிருப்பன்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பாராட்டுத்தான் என்னை உலுக்கிவிட்டது. தன்னைப் போன்ற ஒருவனை அவர் என்னில் கண்டுகொண்டார். அதுவரை, தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் சிலுவைப்பாதைச் செபம் செய்யும்போது, பழிச்சொல் கேட்டும் ஆண்டவர் பேசாமல் நிற்கும் இடம் வந்தால், என்னையும் அவர் அருகில் நிறுத்திப் பார்த்துக் கண் கலங்குவேன். அந்த வெள்ளிக்கிழமை அங்கே நிற்க எனக்குக் கால் வரவில்லை. நான் பேசாமல் இருந்தது பயத்தினால். வரி எடுப்பவரோ, பதில் நாக்கில் வந்து நின்றபோதும் அதை விட்டுக்கொடுத்தார்.

மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று என்னையும் கூப்பிட்டுப் பக்கத்துக் கதிரையில் இருத்தினார். "நான் வாய் தவறினா காலில தட்டுங்கோ, அண்ணை," என்று காதுக்குள் சொன்னார். தட்ட வேண்டி வரவில்லை. மகள் வெளியே வந்தாள், எல்லோருக்கும் தேநீர் கொடுத்தாள், தகப்பனுக்கு அருகிலேயே நின்றாள். மாப்பிள்ளையின் சித்தப்பா தன் புது உழவு இயந்திரத்தின் பெருமையை முடிக்காமல் பேசிக்கொண்டிருந்தபோது, என் நாக்கில்தான் ஒன்று வந்து நின்றது. நல்ல கூரானது. ஆண்டவரே என்று தேநீரோடு சேர்த்து விழுங்கினேன்.

வாய் திறவாமல் இருப்பதையே நல்ல குணம் என்று நம்பியிருந்த நான், இப்போதெல்லாம் செபம் செய்யும்போது, சொல்லாமல் மனதுக்குள் கூர் தீட்டி வைத்த சொற்களுக்கும் சேர்த்துத்தான் மன்னிப்புக் கேட்கிறேன்.