வேலி நின்ற இடம்

அந்தப் பழைய வீட்டைக் காவல் காத்தவளுக்கு ‘எக்ஸ்ரே’ என்று பட்டப்பெயர். கடையில் வாங்கிய சர்க்கரையை வீட்டுக்கு வந்து மறுபடி நிறுத்துப் பார்ப்பாள். “கடவுளே வந்து கதவைத் தட்டினாலும் இவ அடையாள அட்டை கேப்பா” என்பார், தையல் வேலை செய்யும் அவள் கணவர்.

வீடு ஒரு காலத்தில் ஊருக்கே வைத்தியம் பார்த்த டாக்டருடையது. இப்போது அரசின் பாதுகாப்பில் இருந்தது. ஓர் ஆணி அடிக்கவும் தொல்லியல் துறையைக் கேட்க வேண்டும். பின்பக்க மரவேலி உளுத்துப்போய் ஒரு மழையில் படுத்துவிடவே, அதே மரத்தில், அதே உயரத்தில் புது வேலி போடச் சொல்லி ஒரு தச்சரை அனுப்பினார்கள்.

வந்த அன்றே அவரை அவளுக்குப் பிடிக்கவில்லை. முகம் பார்த்துப் பேசாத ஆள்.

“பழைய பலகையெல்லாம் எங்க போகுது?”

“எங்கயும் போகலம்மா. ஆபீசர் பாக்கணும்.”

“அப்ப ஏன் உங்க வண்டிக்குப் பக்கத்துல அடுக்குறீங்க?”

“நிழல் அங்கதான் இருக்கு.”

பதில் சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு உறுத்தியது.

உலகத்தில் அவள் சந்தேகப்படாத ஒரே ஆள் அடுத்த வீட்டுப் பெரிய சார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கணக்கில் தத்தளித்த அவள் மகளைக் கரை சேர்த்தவர். வேலை தொடங்கியதிலிருந்து தினமும் பிளாஸ்க்கில் டீ கொண்டுவந்து அவளுக்கு ஊற்றிக் கொடுத்தார்.

“அந்த ஆளு மேல ஒரு கண்ணு வெச்சுக்கோம்மா. தேவையில்லாம தோண்டுறான்” என்றார்.

அவளுக்கா சொல்ல வேண்டும்? தச்சர் தோண்டத்தான் செய்தார். விழுந்த வேலிக்கும் அப்பால், பெரிய சாருடைய கொட்டகையை ஒட்டிய மூலையில் தோண்டி, மேலே தார்ப்பாயை விரித்து, ஓரங்களில் செங்கல் வைத்தார். அவள் கிட்டே போனால் குறுக்கே வந்து நின்றார்.

“அங்க வராதீங்கம்மா. மண்ணு சரியும்.”

முழங்கால் ஆழம்கூட இல்லாத குழியில் என்ன மண் சரியும்? டாக்டர் புதைத்து வைத்த ஏதோ ஒன்று இந்த ஆள் கையில் சிக்கிவிட்டது என்று அவள் முடிவு கட்டினாள். அவர் மதியம் சாப்பிடப் போனதும் தார்ப்பாயைத் தூக்கினாள்.

பெட்டியும் இல்லை, பானையும் இல்லை. வரிசையாகக் கற்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் கம்பம் நிறுத்தச் சதுரமாகக் குடைந்த குழி. ஒன்றில் பழைய கம்பத்தின் அடிக்கட்டை இன்னும் செருகியிருந்தது. வரிசை நேராகப் போய்ப் பெரிய சாருடைய கொட்டகைக்கு அடியில் நுழைந்தது.

“பாத்துட்டீங்களா?” தச்சர் பின்னால் நின்றிருந்தார். “இனி போய் அவர்கிட்ட சொல்லிருங்க.”

“யார்கிட்ட?”

“டீ ஊத்துறாரே, அவர்கிட்டதான். டாக்டர் போட்ட வேலி இந்தக் கல்லு மேல நின்னிருக்கு. யாரோ பிறகு டாக்டர் எடத்துக்குள்ள தள்ளிப் போட்டிருக்காங்க. இவரு என்கிட்ட வந்து, கல்லைப் பேத்து எறிஞ்சிட்டு விழுந்த எடத்துலயே புதுசையும் நடுன்னாரு. ஆபீசர் வர்ற வரைக்கும் மூடி வெச்சிருக்கேன்.”

“இத என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“நீங்க ரெண்டு பேரும் தினமும் சேர்ந்து நின்னு டீ குடிக்கிறீங்க. உங்கள நான் எப்படி நம்புறது?”

அவளையே ஒருவர் சந்தேகப்படுவது அதுவே முதல் முறை.

அப்போதும் அவர் பேச்சை அவள் முழுதாக நம்பிவிடவில்லை. நேரே பெரிய சாரிடம் போனாள்.

“சார், பின்னால கல்லு ஏதோ கெடக்குதாமே?”

“அந்த மூலையிலயா? பழைய சாக்கடைக் கல்லா இருக்கும்.”

எந்த மூலை என்று அவள் சொல்லவே இல்லை. அவரே மெல்லத் தொடர்ந்தார்: “உன் மகளுக்கு நான் எவ்வளவு செஞ்சிருக்கேன், நெனச்சுப் பாரும்மா.”

மகள் அவர் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்ட சாயங்காலங்கள் எல்லாம் இப்போது அவர் எழுதிவைத்த கடனாகத் தெரிந்தன. வீட்டுக்குக்கூடப் போகாமல் தெருவில் நின்றபடியே ஆபீசருக்குப் போன் செய்தாள்.

ஆபீசர் வந்தார். கொட்டகையில் பாதியைப் பிரிக்கச் சொன்னார். தன் வீட்டை வாங்கும்போதே வேலி அப்படித்தான் இருந்தது என்று பெரிய சார் சாதித்தார். மெய்யா பொய்யா, எக்ஸ்ரேவுக்கே இன்றுவரை பிடிபடவில்லை.

புதுக் கம்பங்கள் பழைய கல்குழிகளில் இறங்கின. மட்டம் பார்க்கத் தச்சர் நூலின் ஒரு முனையை அவளிடம் கொடுத்தார். இரண்டு பக்கமும் கட்டி முடித்ததும், அவள் கட்டியது சரியா என்று பார்க்க அவர் கிளம்பினார். அவர் முடிச்சைப் பார்க்க அவளும் கிளம்பிவிட்டிருந்தாள். நடுவழியில் ஒருவருக்கொருவர் வழிவிட்டுக் கடந்து போனார்கள்.