வெயிலிலும் அவிழ்க்காத படங்கு

"மிஸ்ஸி, கொஞ்சம் ஓடி வாங்க! செல்வி மலையில மயங்கி விழுந்துருச்சு!" என்று சூப்பர்வைசர் போனில் கத்தினார். ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் மிட்வைஃபாக இருந்த காலம். செல்விக்குக் குழந்தை பிறந்து ஐந்து மாதம். கொழுந்து பறிக்கத் திரும்பியிருந்தாள்.

நான் மூச்சிரைக்க ஏறிப் போனபோது எழுந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்துக் கிடந்தது.

"காலையில இருந்து தண்ணி குடிச்சியா?"

இல்லையென்று தலையாட்டினாள்.

"பால் குடுக்கிற பொம்பள இப்படியா இருப்ப? அறிவிருக்கா உனக்கு?" எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அப்போதுதான் கவனித்தேன். நல்ல வெயில். செடியின் ஈரம் படாமலிருக்க இடுப்பில் கட்டும் படங்கை மற்றவர்கள் அவிழ்த்துவிட்டார்கள். செல்வி மட்டும் இறுக்கிக் கட்டியிருந்தாள். தளர்த்தப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் மிஸ்ஸி. உள்ள ஈரம்."

சூப்பர்வைசரைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டுக் கேட்டேன். கொழுந்துச் சாக்கைத் தூக்கினால், இருமினால், சிரித்தால்கூடச் சிறுநீர் கசிகிறதாம். அதற்குப் பயந்தே தண்ணீர் குடிப்பதில்லையாம்.

"வாடை வந்தா மானம் போயிரும். இந்த மாசத்தோட வேலைய விட்டுடப் போறேன்."

"முன்னமே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"கிளினிக்ல சொன்னேனே மிஸ்ஸி. புள்ள பெத்தா அப்படித்தான்னீங்க."

சுருக்கென்றது. சொல்லியிருப்பேன். பிள்ளையை எடைபோடும் தராசைப் பார்த்தபடியே சொல்லியிருப்பேன். வெட்கக்கேடு என்னவென்றால், இரண்டு பெற்ற எனக்கும் தும்மினால் அதே கதிதான். அதை அவளிடம் அப்படியே சொன்னேன். அழுதுகொண்டிருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள்.

"அடியில தாங்குற தசை, புள்ளையச் சுமந்து பெத்ததுல தளர்ந்து போச்சு. பயிற்சி குடுத்தா பலம் வரும். காத்து பிரியாம அடக்குவோமே, அந்த மாதிரி உள்ள இறுக்கு. அஞ்சு எண்ணு. மெதுவா விடு. மூச்சை மட்டும் அடக்காத. ஒரு தடவைக்குப் பத்து, நாளைக்கு மூணு தடவை. சாக்கைத் தூக்குமுன்னாடியும் ஒருக்கா இறுக்கு. காலையில பெரட்டுல பேர் குடுக்க வரிசையில நிக்கும்போதே செய்யலாம், யாருக்கும் தெரியாது. தண்ணிய நிப்பாட்டாத. மூணு மாசத்துல குறையலைன்னா நானே டாக்டர்கிட்ட கூட்டிப் போறேன். வேலைய மட்டும் விடாத."

அவள் செய்தாள். வீம்புக்கு நானும் செய்தேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் அந்த மலைப்பக்கம் போனேன். செல்வியின் படங்கு செடிமேல் கிடந்தது. தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக் காட்டி எல்லோருக்கும் கேட்கக் கத்தினாள்: "மிஸ்ஸி, நான் பத்து முடிச்சாச்சு! நீங்க?"

அதற்குப் பிறகு, பிள்ளையைத் தராசில் வைக்குமுன் கசிவு உண்டா என்று தாயிடம்தான் முதலில் கேட்டேன். என் கதையைச் சொல்லிவிட்டுத்தான் கேட்டேன். அப்புறமும் வாய் திறக்காத தாயை நான் பார்த்ததில்லை.