தையல் பதிந்த விலா

தொலைக்காட்சியில் கிரிக்கெட் ஓடும்போது, ஒரு வேகப்பந்து வீச்சாளர் இந்த நாட்டுப் பந்தில் எப்படிப் போடுகிறார், அந்த நாட்டுப் பந்தில் எப்படிப் போடுகிறார் என்று கோடு போட்டுக் காட்டுவார்கள். என்னால் அதற்கு மேல் உட்கார முடியாது. எழுந்து வாசலுக்கும் கொல்லைக்குமாக நடப்பேன். "சாப்பிட்டது செரிக்கலையா மாமா?" என்பாள் மருமகள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். அப்படி ஓர் ஒப்பீட்டை ஒருமுறை நானே செய்திருக்கிறேன். அதன் முடிவை மாற்றிச் சொன்னேன்.

ஐம்பதுகளின் நடுவில், ராமநாதபுரத்தில், பள்ளியின் கடைசி வருடம். எனக்கு முதுகுளத்தூர்ப் பக்கம் ஊர். விடுதியில் தங்கிப் படித்தேன். பள்ளி அணிக்கு நான்தான் கேப்டன், முதலில் இறங்கும் மட்டையாளனும் நான்தான். வேகமாகப் பந்து போட இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் என் அத்தை மகன், விடுதியில் என் அறைக்காரன். என் தங்கையை அவனுக்குக் கொடுப்பதென்று வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். மற்றவன் தேவிபட்டினத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனவன். அவனுடைய வாப்பா இலங்கைக்குத் தோணி விட்டவர். அந்த ஓட்டம் நின்றுபோய் வீடு நொடித்திருந்தது.

மதுரையில் ஒரு மில், தன் அணிக்கு வேகப்பந்து வீச்சாளன் ஒருவனை அனுப்பச் சொல்லி எங்கள் பள்ளியைக் கேட்டிருந்தது. தேறினால் மில்லிலேயே வேலை. இருவரும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இது இல்லைன்னா கொழும்புல மாமா கடைதான் மாப்ளே. எனக்குக் கடல் தாண்டப் பிடிக்கல" என்றான் தேவிபட்டினத்தான்.

"ஏலே, கடக்கரைக்காரனுக்குக் கடலக் கண்டா பயமா?" என்று அத்தை மகன் சீண்டினான்.

"பயம் என்னலே? தண்ணி மேல மேட்டிங் விரிக்க முடியாதுல்ல?"

எங்கள் பக்கம் அப்போது ஆட்டமெல்லாம் கார்க் பந்தில்தான். செம்மண்ணில் மேட்டிங் என்கிற கயிற்றுப் பாயை விரித்து ஆணி அடித்து ஆடுவோம். அந்தப் பாயில் கார்க் பந்து குத்தினால் கல்லைப் போல மேலே எழும். கார்க்கில் தேவிபட்டினத்தானை எதிர்த்து நிற்கக் கூடியவர்கள் குறைவு. ஆனால் அவன் லெதர் பந்தைக் கையால் தொட்டதில்லை. அத்தை மகனிடம் அவன் அப்பா மதுரையில் வாங்கிக் கொடுத்த லெதர் பந்து இருந்தது. விடுமுறைகளில் நாங்கள் இருவரும் அதில் பழகியிருந்தோம்.

டிரில் மாஸ்டர் சடுகுடுக்காரர். கிரிக்கெட் அவருக்கு அவ்வளவாகப் பிடிபடாது.

"மதுரையில லெதர்லதான் போடணுமாம். சனிக்கிழமை ரெண்டு பேரையும் போடச் சொல்லி நீ நின்னு ஆடிப் பாரு. நான் மங்கலத்துல ஒரு கல்யாணத்துக்குப் போறேன். யாரு மேல்னு திங்கக்கிழமை சொல்லு. ஒன் வார்த்தைதான்" என்றார்.

சனிக்கிழமை பிற்பகல் கடல் காற்று வந்துவிட்டிருந்தது. முதலில் அத்தை மகன் போட்டான். நல்ல பந்துகள்தான். எனக்குத் தெரிந்த பந்துகள். பிறகு மற்றவன் லெதர் பந்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நடுவுல எதுக்கு மாப்ளே தையலு? கிழிஞ்சு போச்சா?"

நாங்கள் சிரித்தோம். முதல் சில பந்துகள் அவன் கையைவிட்டு நழுவி எங்கெங்கோ போயின. எனக்கு உள்ளூர ஒரு தெம்பு வந்தது. அப்புறம் அவன் விரலால் தையலைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றான். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தான். ஓடி வந்தான். பந்து வெளியே போகிறதென்று, அதை ஆடாமல் விட நான் மட்டையைத் தூக்கினேன். அது காற்றில் வளைந்தது, பாயில் தையல் கடித்து இன்னும் உள்ளே திரும்பியது. விலாவில் விழுந்தது. மூச்சு நின்று உட்கார்ந்துவிட்டேன். கார்க்கிலும் அவனிடம் அடி வாங்கியிருக்கிறேன். கார்க் பந்து வந்த வழியாவது கண்ணுக்குத் தெரியும்.

அவன்தான் ஓடி வந்து என் சட்டையைத் தூக்கினான். கார்க் பட்டால் வட்டமாகக் கன்றும். இங்கே தோலில் வரிசையாகத் தையல் பதிந்திருந்தது.

"யா அல்லா, எண்ணிரலாம் போல இருக்கே!" என்றான். விடுதிக்குக் கூட்டிவந்து அவனே தைலம் தேய்த்தான். தேய்க்கும்போது அவன் முகத்தில் சந்தோஷம். என் வலிக்காக அதை மறைக்கப் பார்த்தான். முடியவில்லை. மதுரைக்குப் போவது தான்தான் என்று அவனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அவன் பஸ்ஸுக்குப் போனதும் அத்தை மகன், "மாஸ்டர்ட்ட பாத்துச் சொல்லு மச்சான்" என்றான்.

திங்கட்கிழமை மாஸ்டர் எங்கள் மூவரையும் நிற்கவைத்துக் கேட்டார். தேவிபட்டினத்தானைக் காட்டி நான் சொன்னேன்: "லெதர் இவனுக்குக் கைக்கு வரல சார். கார்க்கு பந்துதான் இவன வேகமாக் காட்டுது."

சொல்லும்போது விலா விண்ணென்று தெறித்தது. அவன் என்னைப் பார்த்தான். சட்டையைக் கழற்றச் சொல்லுங்கள் சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. கேப்டன் இப்படிச் சொல்வான் என்று அவன் எதிர்பார்த்திருக்க மாட்டான். சரி சார் என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனான்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வகுப்பில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லிவிடுவான், இந்த மணி அடித்ததும் சொல்லிவிடுவான் என்று காத்திருந்தேன். அவன் பள்ளிக்கு வருவதே நின்றது. வெள்ளிக்கிழமை மாலை தாங்க முடியாமல் மாஸ்டர் வீட்டுக்கு ஓடினேன். மில்லுக்கு இன்னும் பெயர் போகவில்லை. வாசலிலேயே சட்டையைக் கழற்றினேன்.

"அன்னிக்கு நான் சொன்னது பொய் சார். லெதர்லதான் அவன் இன்னும் வேகம். இங்க பாருங்க, தையல் பதிஞ்சிருக்கு."

அவர் குனிந்து பார்த்தார். விரலால் தொட்டும் பார்த்தார். "தையலா? எங்கடா தையல்?"

நானும் குனிந்து பார்த்தேன். தையலைக் காணோம். அந்த வரிகள் ஒன்றோடொன்று கலந்து, மஞ்சளும் பச்சையுமாக ஒரு வட்டம் கிடந்தது. கார்க் பந்து பட்ட இடம் எப்படி இருக்குமோ அப்படி.

"இது கார்க்கு பட்டது. எனக்கு இதுகூடத் தெரியாதா?" என்று சிரித்தார். "சிநேகிதன் கஷ்டப்படுறான்னு இப்பப் பொய் சொல்ல வந்திருக்க. நல்ல மனசுடா ஒனக்கு. ஆனா அது தப்பு. போ, சட்டையப் போடு" என்று தோளில் தட்டினார்.

அந்தத் தட்டில் எனக்கு வந்தது நிம்மதி என்பதை எழுதியாக வேண்டும். அத்தை மகன் மதுரைக்குப் போனான். தேறினான். என் தங்கையைக் கட்டினான். குறையில்லாமல் வாழ்ந்தார்கள். மற்றவன் தனுஷ்கோடி வழியாகக் கொழும்புக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் தேடவில்லை.

மாஸ்டர் நம்பவில்லை, நான் என்ன செய்வது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான். நம்பவைக்க வழி இருந்தது. நாளைக்கு நீங்களே வந்து நில்லுங்கள் சார், அவனைக் கூப்பிட்டு அந்தப் பந்தைக் கொடுங்கள், நான் மறுபடியும் எதிரே நிற்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த வாசலில் அது எனக்குத் தோன்றவும் செய்தது. அவன் ஓடி வருவது கண்ணுக்குள் தெரிந்தது. நான் சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டு விடுதிக்குத் திரும்பிவிட்டேன்.