மணிக்குப் பதிலாக மரக்கட்டை

பெரிய வெள்ளி விடியற்காலை அப்பா போய்விட்டார். வருடக்கணக்காகப் படுக்கையில் கிடந்தவரைப் பார்த்துக்கொண்டது நான் ஒருத்திதான். எங்கள் ஊர் தாழ்வுபாட்டில் யார் செத்தாலும் கோயிலில் துக்கமணி அடிக்கும், சனம் ஓடிவரும். அன்று கோயிலுக்குச் சொல்லி அனுப்பியும் மணி இல்லை, வெயில் ஏறியும் ஆள் இல்லை. ஊரே கைவிட்டுவிட்டது என்று கசந்துபோனேன். பெரிய வெள்ளியில் மணி அடிப்பதில்லை என்பதே அந்தக் களைப்பில் மறந்துவிட்டது.

அப்போது வாசலுக்கு வெளியே ஒழுங்கையில் டக் டக்கென்று வறட்டுச் சத்தம். மணிக்குப் பதிலாக அன்று கோயிலில் தட்டும் மரக்கட்டை. சின்ன வயதில் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். மணி அடிக்கும் அண்ணன் அதைத் தட்டிக்கொண்டே வந்தார்.

"இண்டைக்கு மணி அடிக்கேலாது பிள்ளை. அதுதான் வீடுவீடாச் சொல்லிப்போட்டு வாறன்."

அவர் பின்னால் தெருவே வந்தது. பக்கத்து வீட்டு அக்கா அப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்த ஈரத்துணியை என் கையிலிருந்து வாங்கினார்.

"நாங்கள் பாக்கிறம். நீ போய்ப் படு."

அப்பா போனபோது வராத அழுகை, அந்தச் சொல்லுக்கு வந்தது.