அளந்தது என்று எழுதினேன்

மார்னி லாஃப்ட்டஸிடம் ஒரு ஆவணத்தைக் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னால் அன்றைக்கு நம் பாடு திண்டாட்டம்தான். அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதை மட்டும் செய்வாள், எழுதாததைச் செய்ய மாட்டாள். "கோப்பைத் திறந்து மூன்றாவது வரிசையை எடுக்கவும்" என்று இருந்தால் திறப்பாள், எடுப்பாள். வெறுமனே "மூன்றாவது வரிசையை எடுக்கவும்" என்று இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

"எங்கேருந்து எடுக்கணும்னு சொல்லவே இல்லியே டுவெய்ன்," என்பாள்.

"கோப்புலேருந்துதான். இதுகூடவா தெரியாது உனக்கு?"

"எனக்குத் தெரியும்யா. நாப்பது வருஷம் கழிச்சு இதைப் படிக்கப் போறவனுக்கு யாரு சொல்லுவா? நீ வருவியா? இப்பவே ரெண்டு மாடி ஏறினா உனக்கு மூச்சு வாங்குது."

எங்கள் போல்டர் நகரத்தில் தடுக்கி விழுந்தால் விண்கலக் கருவி செய்கிற எவன் மேலாவதுதான் விழ வேண்டும். அவர்களில் முக்கால்வாசிப் பேர் அவளிடம் இப்படி வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். விண்கலம் அனுப்பிய அளவுகளையெல்லாம் காப்பகத்தில் சேர்ப்பதற்கு முன், அவற்றை முன்பின் தெரியாத ஒருவர் எடுத்துப் பயன்படுத்த முடியுமா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. பதினேழு வருஷமாகச் செய்கிறாள். அந்த வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்தது நான்தான். இதைப் பல விருந்துகளில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அவள் நெப்ராஸ்காக்காரி. ஒகலாலாவில் அவள் அப்பா தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடுகிறவர். சோளம் ஏற்றி வருகிற விவசாயி எத்தனை கத்தினாலும், சீட்டில் விழுந்த எடைதான் எடை. அந்த வீட்டில் வளர்ந்ததால் எழுதி வைத்ததற்கு அவளிடம் தனி மரியாதை. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள். வால்மீன்களைப் பற்றி முனைவர் பட்டம் வாங்க வேண்டும் என்று இரண்டு பெட்டிகளோடும் ஒரு பழைய சைக்கிளோடும் இங்கே வந்தாள். வந்த முதல் வருஷம் பேராசிரியர்களையே கேள்வி கேட்டுத் திணறடித்ததை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அவளுக்குக் கிடைத்தது வேஃபேரர் விண்கலத்தின் அளவுகள். அதில் இருந்த புற ஊதா நிறமாலைமானியை எங்கள் ஆய்வகத்தில் நாங்கள் செய்தோம். ஒளி உள்ளே போக அதில் இரண்டு இடுக்குகள் உண்டு. பிரகாசமானதைப் பார்க்கக் குறுகலான ஒன்று, மங்கலானதைப் பார்க்க அகலமான ஒன்று. எந்த இடுக்கில் எவ்வளவு ஒளி போனால் கருவி எந்த எண்ணைக் காட்டும் என்று கிளம்புவதற்கு முன்பே ஆய்வுக்கூடத்தில் அளந்து அட்டவணை போட வேண்டும். அது இல்லாவிட்டால் விண்கலம் அனுப்புவதெல்லாம் அர்த்தமில்லாத எண்கள். அந்த அட்டவணை என் பொறுப்பில் இருந்தது. எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது.

குறுகல் இடுக்கை ஒழுங்காக அளந்தேன், ஆறு நாள் ஆனது. அகல இடுக்கை எடுக்கும்போது வெற்றிட அறையின் பம்ப் பழுதாகிவிட்டது. மூன்று நாளில் கருவியைப் பெட்டியில் போட்டு அனுப்பியாக வேண்டும். வரைபடத்தைப் பார்த்தேன், அகல இடுக்கு மற்றதைப் போல மூன்று மடங்கு. குறுகலின் எண்களையெல்லாம் மூன்றால் பெருக்கினேன். அது கணிப்பு. கணிப்பு என்று எழுதியிருந்தால் ஒரு குற்றமும் இல்லை, எல்லாரும் செய்கிறதுதான். ஆனால் பக்கத்துப் பத்தியின் தலைப்பில் "ஆய்வுக்கூடத்தில் அளந்தது" என்று இருந்தது. இதற்கு மட்டும் வேறு மாதிரி எழுதினால் கூட்டத்தில் கேள்வி வரும். அங்கிருந்த வார்த்தையை நகலெடுத்து இங்கே ஒட்டினேன். பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வேஃபேரர் போய் வால்மீனைப் பார்த்தது. வால்மீன் மங்கலானது, அதனால் எல்லாமே அகல இடுக்கு வழியாக. மார்னி கணக்குப் போட்டாள். வால்மீன் நொடிக்கு ஏழு கிலோ கார்பன் மோனாக்சைடை வெளியே விடுகிறது என்று வந்தது. தரையிலிருந்து தொலைநோக்கியில் பார்த்த இரண்டு குழுக்களுக்கும் பத்து வந்தது. அவள் மறுபடி போட்டாள், ஏழு. முதலிலிருந்து வேறு முறையில் போட்டாள், அதே ஏழு. ஒன்றரை வருஷம் அப்படியே போனது. அந்த ஒன்றரை வருஷத்தில் அவள் இளைத்துப் போனாள்.

பட்டத்திற்கான வாய்மொழித் தேர்வில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பேராசிரியர் சொன்னார், "அந்த அகல இடுக்கோட எண்ணே தப்பா இருந்தா?" அவள் வழிகாட்டி ஆட்லர் என் பக்கம் திரும்பினார்.

"டுவெய்ன், அது அளந்ததுதானே?"

"ஆமா," என்றேன். "அளந்ததுதான்."

மூன்று வினாடிகூட ஆகியிருக்காது. மேடையில் நின்றவள் உடனே தலையாட்டினாள். "அப்ப நான்தான் எங்கயோ தப்பு பண்ணியிருக்கணும்," என்றாள். அந்த வருஷமே முதுகலையோடு நிறுத்திக்கொண்டாள். அவள் ஊருக்குப் பெட்டி கட்டும்போது காப்பகத்தில் ஓர் இடம் இருக்கிறது என்று நான் போய்ச் சொன்னேன். கண்ணீரோடு என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அந்தக் கையை உதறியிருக்க வேண்டும். தட்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் எனக்குப் பச்சை மிளகாய்க் குழம்பு ஊற்றிய பரிட்டோ ரொட்டிச் சுருள் ஒன்று கொண்டு வருவாள், நான் சாப்பிடுவேன்.

அந்த எண் தப்பு என்று எனக்கு அப்போதே நிச்சயமாகத் தெரியுமா? தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பவில்லை. ஒரு மத்தியானம் உட்கார்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த மத்தியானத்தை நான் பதினேழு வருஷம் தள்ளிப்போட்டேன்.

இந்த வசந்தத்தில் வேஃபேரரின் அளவுகளைப் புதிய முறைக்கு மாற்றிக் காப்பகத்தில் சேர்க்க மறுஆய்வு வந்தது. வெளியிலிருந்து நான்கு பேர் பார்த்து, முப்பத்தொரு குறைகளை எழுதி அனுப்பினார்கள். எல்லாம் வழக்கமானவைதான். ஓர் இடத்தில் அலகு விட்டுப்போயிருக்கிறது, ஓர் இடத்தில் தேதி மாறியிருக்கிறது. பதினான்காவது மட்டும் நொயெமி அரோச்சோ என்ற பெண்ணுடையது. போர்ட்டோ ரிக்கோக்காரி, பட்டம் வாங்கி இரண்டு வருஷம்தான் ஆகிறது. அகல இடுக்கை ஆய்வுக்கூடத்தில் அளந்த குறிப்பேடு வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

மார்னி நேரே என் அறைக்கு வந்தாள். "குறிப்பேடு எங்கய்யா வெச்சிருக்க?"

"கீழ அறையில இருக்கும்," என்றேன். வாய் தன்னால் சொன்னது.

மூன்று நாள் தேடினாள். அடித்தளத்து அறையில் பெட்டி பெட்டியாக இறக்கி, தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, தும்மிக்கொண்டு. மேலே வரும்போதெல்லாம் என் அறையை எட்டிப் பார்த்து, "குறுகல் இடுக்கோடது கெடச்சிடுச்சு, அதுவும் பக்கத்துலதான் இருக்கும்," என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். இல்லாத ஒன்றைத் தேட ஒருத்தியை அனுப்பிவிட்டு நான் மேலே காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். இதைவிடக் கேவலமாக என்னைப் பற்றி நான் சொல்ல வேறு எதுவும் இல்லை.

நான்காம் நாள் முகம் தெளிந்து வந்தாள். "டுவெய்ன், எனக்கு இப்பதான் உறைச்சுது. ரெண்டாயிரத்துப் பதிமூணு வெள்ளத்துல கீழ் ரெண்டு அடுக்கு நனைஞ்சுபோச்சே, ஞாபகம் இருக்கா? நாமதானே வாரிப் போட்டோம். அதுல போயிருக்கும்."

"இருக்கலாம்," என்றேன்.

"வெள்ளத்துல தொலைஞ்சதுன்னு எழுதிடறேன். நீ கவலைப்படாத."

வியாழக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம். நானும் அவளும் ஒரே மேசையில், மற்றவர்கள் திரையில். தலைவர் க்ளென் வீட்டிலிருந்து பேசினார், அவர் நாய் நடுநடுவே குரைத்தது. பதினான்காவது வந்ததும் நொயெமி தயங்கித் தயங்கிப் பேசினாள்.

"வானம் பூரா ஒரே சீரா பரவியிருக்கே, அந்த ஹைட்ரஜன் வெளிச்சத்தை ரெண்டு இடுக்கு வழியாவும் பாத்திருக்காங்க. ஆவணத்துப்படி அகலத்துல மூணு மடங்கு வரணும். எனக்கு ரெண்டு புள்ளி ஒண்ணுதான் வருது. நாலஞ்சு தடவை போட்டுப் பாத்துட்டேன். நான்தான் எங்கயோ தப்பு பண்ணியிருக்கணும். குறிப்பேடு இருந்தா ஒத்துப் பாத்துக்குவேன்."

"குறிப்பேடு வெள்ளத்துல போயிடுச்சும்மா," என்றாள் மார்னி. "ஆனா அந்த எண்ணை நீங்க நம்பலாம். டுவெய்னை எனக்கு இருபது வருஷமாத் தெரியும். அளக்காம அளந்ததுன்னு எழுதற ஆள் இல்ல. உங்க கணக்கை இன்னொரு தடவை பாருங்க."

"சரிங்க," என்றாள் நொயெமி. குரல் இறங்கிப்போயிருந்தது.

அந்தக் குரலை நான் முன்பே ஒரு தேர்வு அறையில் கேட்டிருக்கிறேன்.  இன்னும் ஐந்து வினாடி வாயை மூடிக்கொண்டிருந்தால் க்ளென் பதினைந்தாவதுக்குப் போயிருப்பார், நானும் நிம்மதியாக ஓய்வுபெற்றிருக்கலாம்.

"குறிப்பேடு தொலையல," என்றேன். "அப்படி ஒண்ணு இல்லவே இல்ல. அகல இடுக்கை நாங்க அளக்கல. குறுகலை மூணால பெருக்கி, அளந்ததுன்னு எழுதினது நான். நொயெமி, உங்க கணக்கு சரி."

 பிறகு க்ளென் தொண்டையைச் செருமினார். "நல்லவேளை, இப்பவாவது தெரிஞ்சுதே. திருத்தி எழுதிடுங்க. வானத்து அளவை வெச்சே புது எண் போட்டுக்கலாம். பதினஞ்சாவது?"

அவ்வளவுதான். அவர்களுக்கு அது முப்பத்தொன்றில் ஒன்று. மார்னி என் பக்கம் திரும்பவில்லை. மீதிப் பதினேழு குறைகளுக்கும் வழக்கம்போல் குறிப்பெடுத்தாள், கேள்வி கேட்டாள், ஓர் இடத்தில் சிரிக்கக்கூடச் செய்தாள். முடிந்ததும் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் அறைக்குப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. ஒரு பழைய உறையின் பின்புறம் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். ஏழு பெருக்கல் மூன்று, வகுத்தல் இரண்டு புள்ளி ஒன்று. கீழே பத்து என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள்.

"சரியா வருது," என்றாள். "அரை கிலோகூட வித்தியாசம் இல்ல."

"மார்னி, நான்..."

"இரு. அன்னிக்கு ஆட்லர் உன்னைக் கேட்டாரே, அப்ப உனக்குத் தெரியுமா?"

"அளக்கலன்னு தெரியும். தப்புன்னு தெரியாது."

"நான் நாப்பது தடவை போட்டேன். நீ பின்னாடிதான் உக்காந்திருந்த."

"ஆமா."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது. அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"என் பொண்ணு பைப்பர் ஒன்பதாவதுல கணக்குல கோட்டை விட்டா. அழுதுட்டே வந்து நின்னா. நான் அவளை மடியில போட்டுட்டு என்ன சொன்னேன் தெரியுமா? நம்ம வீட்டுக்கே அது வராதுடி, அம்மாவும் முயற்சி பண்ணிப் பாத்துட்டேன், விட்டுடுன்னு சொன்னேன். அவளும் விட்டுட்டா. நான் சொன்னா கேக்கற பொண்ணு."

 அவள் உட்காரச் சொல்லவில்லை, அதனால் சுவரில் சாய்ந்தேன். என்னை மன்னித்துவிடு என்று சொன்னேன். அந்த அறையில் அந்த வார்த்தைக்கு ஒரு மதிப்பும் இல்லை என்று சொல்லும்போதே தெரிந்தது.

அவள் கணினியைத் தன் பக்கம் திருப்பி, பதினான்காவது குறைக்கான படிவத்தைத் திறந்தாள். "இதை முடிச்சிடலாம். 'அளந்தது'ங்கறதை எடுத்துட்டு என்ன போடணும்? நீயே சொல்லு."

"அளக்கவில்லை. கணிப்பு."

தட்டினாள். "அடுத்தது காரணம். இதை வெறுமனே விட முடியாது, படிவம் போகாது. என்ன போட?"

"வெற்றிட அறையோட பம்ப் பழுது. கருவியை அனுப்ப மூணு நாள்தான் இருந்துது."

அதையும் தட்டினாள். ஒரு வார்த்தை விடாமல் நான் சொன்னபடியே. பிறகு திரையைப் படித்துப் பார்த்தாள், எந்த ஆவணத்தையும் படிக்கிற மாதிரி, முன்பின் தெரியாதவளாக.

"இது அந்த மூணு நாளைக்குத்தான் காரணம் டுவெய்ன்," என்றாள். "மிச்ச வருஷத்துக்கெல்லாம் என்ன எழுதட்டும்?"

கையை விசைப்பலகை மேல் வைத்துக்கொண்டு, நான் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.