கடைசிக் கொக்கியில் தொங்கிய ஸ்கர்ட்

எங்கள் தையல் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இளைக்கப் போகிறவர்கள், மீதிப் பேர் இளைத்துவிட்டுத் திரும்ப ஊதியவர்கள். ஒருத்தி வெறும் வயிற்றில் வினிகர் குடிப்பாள். இன்னொருத்தி வெள்ளரிக்காயைத் தவிர எதையும் கண்ணெடுத்துப் பார்க்க மாட்டாள். பேங்க்காரர் ஒருவர் தினமும் பத்தாயிரம் அடி நடந்தே தீர வேண்டுமாம். பேண்ட்டைப் பிடித்துக் கொடுக்கும்வரை கடைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்து என் உயிரை வாங்குவார். நான் காஜா எடுத்துப் பட்டன் தைப்பவள். காலையில் இரண்டு பன், பத்து மணிக்கு இன்னொன்று. என் உடம்பு, என் பாடு. எவளும் எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம்.

கடைக்கு முதலாளியும் டெய்லரும் ஒரே ஆள்தான். அரை இஞ்சு அக்கா என்றால்தான் தெருவில் எல்லோருக்கும் தெரியும். யார் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அரை இஞ்சு பிடித்தால் போதும் என்பாள். போட்டுப் பார்த்தால் அச்சாகச் சரியாக இருக்கும். எதைத் தைத்தாலும் தையலுக்கு உள்ளே இரண்டு இஞ்சு துணியை மடித்து விட்டுவிடுவாள். இளைத்தவர்கள் திரும்பி வரத்தான் போகிறார்கள், அப்போது பிரித்துவிடத் துணி வேண்டாமா என்று கேட்பாள்.

இவ்வளவு கெட்டிக்காரி யார் இடுப்பிலும் டேப் வைக்க மாட்டாள் என்றால் நம்புவீர்களா? ஒன்பது வருஷமாக அப்படித்தான். டேப்பை என்னிடம் நீட்டிவிட்டு மூன்றடி தள்ளி நின்றுகொள்வாள். நான் சொல்லும் எண்ணை நோட்டில் எழுதிக்கொள்வாள்.

அது மட்டுமா. துணி மாற்றிப் பார்க்கும் மறைவின் திரை ஃபேன் காற்றில் அசைந்து வளையங்கள் உரசினால் போதும், அவள் மெஷின் நின்றுவிடும். உள்ளே ஒரு பூச்சிகூட இருக்காது. அவளோ யாரோ உள்ளே நின்று ஸ்கர்ட் கொக்கியை மாட்டிக்கொண்டிருப்பது மாதிரி காது கொடுப்பாள். "வரேன்டி" என்று வாய்க்குள் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். பேய் பிசாசை நம்புகிற ஆளில்லை நான். ஆனாலும் பட்டப்பகலில், வாசலில் பஸ் போய்க்கொண்டிருக்கும்போது, அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு முதுகு சில்லிட்டுப் போகும்.

சுவரில் வரிசையாகக் கொக்கிகள். கடைசிக் கொக்கியில் ஒரு நீல ஸ்கர்ட், இடுப்பில் குத்திய சீட்டோடு. சீட்டின் எழுத்து எப்போதோ வெளுத்துவிட்டது. அது அவள் தங்கையுடையது.

தங்கை ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேஜையில் இருந்தாள். சிரித்தால் கடையே சிரிக்கும். புது மேனேஜர் வந்து, யூனிஃபார்ம் பிதுங்குகிறவர்கள் முன்னால் நிற்க வேண்டாம், பின்னால் போய்த் துணி மடிக்கட்டும் என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. வெந்நீரில் ஏதோ பச்சைப் பொடி, மத்தியானம் பட்டினி. கொழுப்பைக் கரைக்குமென்று கூட வேலை செய்தவள் விற்ற கேப்ஸ்யூல் வேறு. எடை மெஷினில் ஏறவே மாட்டாள். மெஷின் பொய் சொல்லும், ஸ்கர்ட் பொய் சொல்லாது என்பாள். யூனிஃபார்ம் ஸ்கர்ட் இரண்டும் சனிக்கிழமைதோறும் தேய்க்க எங்கள் கடைக்கு வரும். ஒரு நாள் வரவேற்பு மேஜையிலேயே சரிந்து விழுந்தாள். முப்பத்து நாலு வயசு. இதயம் என்றார்கள், நானும் நம்பினேன். ஒரு ஸ்கர்ட் அவள் உடம்போடு போனது, இன்னொன்று கொக்கியிலேயே நின்றுவிட்டது.

அப்போது அவள் மகளுக்குப் பத்து வயது. அம்மா போன பிறகு பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கடைக்குத்தான் வருவாள். பெரியம்மா, பெரியம்மா என்று அரை இஞ்சின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வளர்ந்தாள். அரை இஞ்சுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அந்தப் பெண்ணின் வாயிலிருந்து வரும் பெரியம்மாதான் அவளுக்குச் சோறு தண்ணி எல்லாம்.

போன மாசம் ஒரு மத்தியானம் அந்தப் பெண் துள்ளிக்கொண்டு வந்தாள். அம்மா வேலை பார்த்த அதே ஹோட்டலில், அதே வரவேற்பு மேஜையில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. அம்மாவின் ஸ்கர்ட்டைத்தான் முதல் நாள் போட்டுக்கொண்டு போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். கொக்கியிலிருந்து எடுத்துக்கொண்டு திரைக்குள் போனாள். வளையங்கள் உரசின. அரை இஞ்சு மெஷின் மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வந்தவளுக்கு இடுப்புக் கொக்கி எட்டவில்லை. ஒரு இஞ்சு குறைந்தது. அதற்கென்ன, பிரித்துவிட்டால் போயிற்று என்றேன். அவள் கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வெட்டுமேஜையில் வைத்தாள். லேபிள்தான் புதுசு, உள்ளே பழைய கேப்ஸ்யூல் மாதிரிதான். நாலு நாளாகப் போடுகிறாளாம்.

"ஒண்ணும் பிரிக்க வேணாம். ஒரே மாசம். அம்மாவுக்கு வேலை செஞ்சுது, எனக்குச் செய்யாதா? ஸ்கர்ட்டுக்குள்ள ரெண்டு விரலை விட்டுக் காட்டுனாங்க. என் கண்ணால பாத்தேன் பெரியம்மா."

அரை இஞ்சு டப்பாவைத் தள்ளி வைத்தாள். அந்த விஷத்தைப் போடாதே என்று ஒரு தரம் சொன்னாள். அம்மாவுக்கு வந்தது இதயக் கோளாறு, இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று பெண் சிரித்தாள். அவள் அப்பா அப்படித்தான் சொல்லி வளர்த்திருந்தார். அரை இஞ்சு ஒரு தரம் திரையைப் பார்த்தாள். பிறகு, ஸ்கர்ட்டைக் கழற்றிக் கொடு என்றாள்.

வாங்கி உள்பக்கம் திருப்பினாள். பின் தையலை வெளிச்சத்தில் பிடித்தாள். தையலுக்குப் பக்கத்தில் ஊசித் துளைகள், ஒரு வரிசை, அதற்குள் இன்னொரு வரிசை, அதற்குள்ளும் ஒன்று. தைத்துப் பிரித்த தடம். பிரித்துப் பிரித்துத் தைத்திருந்தால்தான் அப்படி இருக்கும். பட்டன் தைப்பவளான எனக்கே புரிந்துவிட்டது.

"ரெண்டு விரல் உள்ள போனா மாத்திரையை நிறுத்திடறேன்னு சொன்னாடி உங்கம்மா. கை நடுங்குது, நெஞ்சு படபடங்குதுன்னு சொல்லிக்கிட்டே முழுங்குவா. எவ்வளவோ சொன்னேன், கேக்கல. சரி, நிறுத்தினாப் போதும்னு தேய்க்க வந்தப்பல்லாம் ரெண்டு ஸ்கர்ட்டையும் நான் அரை இஞ்சு, அரை இஞ்சா பிரிச்சு விட்டேன். மூணு வாரம்."

பெண் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ரெண்டு விரலும் போச்சு. சந்தோஷத்துல என்னைக் கட்டிக்கிட்டா. இப்பிடி வேலை செய்யுதுன்னா ரெண்டா போட்டா என்னன்னு, அன்னைக்கே ரெண்டாக்கிட்டா. பதினோரு நாள்ல போயிட்டா. சும்மா இருந்திருந்தா, இது ஒண்ணும் செய்யலன்னு அவளே தூக்கிப் போட்டிருப்பா."

தங்கை செத்த அன்றைக்கே டாக்டர் அவள் டப்பாவை வாங்கிப் பார்த்து, இதயத்தைத் தாறுமாறாக ஓடவைக்கும் ஏதோ இதில் கலந்திருக்கிறது என்றாராம். தங்கை வீட்டுக்காரர் வெட்கப்பட்டு வெளியே சொல்லவில்லை. இவளோ ஸ்கர்ட் சங்கதியை அவரிடம்கூடச் சொல்லவில்லை. ஒன்பது வருஷம், பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என்னிடமும் மூச்சு விடவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது.

பெண் துளைகளை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அப்போ அம்மா இளைக்கவே இல்லையா?"

"அரை இஞ்சுகூட இல்லடி."

ஸ்கர்ட்டை மேஜையிலேயே வைத்துவிட்டு அவள் வெளியே போனாள். டப்பாவும் அங்கேயே கிடந்தது. நான்தான் அதைத் தெருமுனைச் சாக்கடையில் கொட்டிவிட்டு வந்தேன். மறுநாளும் அவள் வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை. கடைசிக் கொக்கி காலியாக இருந்தது. அரை இஞ்சு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. திரை மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அவள் இப்போது பதிலுக்கு "வரேன்டி" என்று சொல்வதில்லை. எனக்கு அது இன்னும் பயமாக இருந்தது.

மூன்றாவது வாரம் பெண் வந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள், கன்னத்தில் களை இருந்தது. கையில் புது நீலத் துணி. பெஞ்சில் உட்காரவில்லை, மற்ற வாடிக்கையாளர்கள் நிற்கும் இடத்தில் நின்றாள். நான் வழக்கம்போல டேப்பை எடுத்தேன். அவள் என்னைத் தாண்டிப் பார்த்தாள்.

"நீங்க எடுங்க டெய்லரம்மா. இருக்கிறதை இருக்கிறபடி சொல்லுங்க."

பத்து வயசிலிருந்து பெரியம்மா, நீ, வா, போ என்று பேசி வளர்ந்த பெண். அரை இஞ்சு மெஷினை நிறுத்தினாள். எழுந்து வந்து என் கையிலிருந்து டேப்பை வாங்கினாள். ஒன்பது வருஷம் கழித்து, அந்தப் பெண்ணின் இடுப்பைச் சுற்றி அதைக் கொண்டுவந்தாள். இரண்டு முனையும் சேர்ந்ததும், குனிந்து பார்த்தாள். முப்பத்தஞ்சரை என்று உரக்கச் சொன்னாள். நான் நோட்டில் எழுதினேன்.